பதினோரு தடவை

என் மேசைக்கு அடியில் ஒரு கால்மிதி கிடக்கிறது. தையல் மெஷின் மிதியில் பாதி அளவுதான் இருக்கும். கறுப்பு நிறம், மேலே மூன்று ரப்பர் பட்டைகள். நடுப்பட்டையை மிதித்தால் ஹெட்போனில் குரல் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். வலது பட்டை குரலை முன்னே தள்ளும். இடது பட்டை பின்னே இழுக்கும், ஒரு மிதிக்கு மூன்று நொடி. வீட்டிலிருந்தே வேலை பார்த்த மாதங்களில், ஆபீஸில் நான் மிதித்துக்கொண்டிருந்ததையே கொடுத்து அனுப்பினார்கள். பிறகு யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நடுப்பட்டையின் வரிகள் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டன. இடது பட்டை இன்னும் புதிதாகவே இருக்கிறது. ஒருமுறை கேட்டதை மறுபடி கேட்கும் அவசியம் எனக்கு வருவதில்லை என்று சொல்லி, அந்த நாட்களில் மிதியைக் கையில் எடுத்துத் தோழிகளிடம் காட்டியிருக்கிறேன். இப்போது வீடு பெருக்கும்போது அது விளக்குமாற்றில் தட்டுப்பட்டால், நான் முகம் பார்த்திராத ஓர் அக்காவின் குரல் காதுக்குள் வந்துவிடுகிறது. அவர் அமெரிக்காவில் இருக்கிறார். நான் ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது.

கேட்டு எழுதுவதுதான் என் வேலை. பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து அமெரிக்கர்களின் பேச்சைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்வோம். ஆடுகோடியில் எங்கள் வரிசை வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்கு ஆபீஸ் வண்டி பிடித்தால் ஒன்பதுக்குப் போய்ச் சேரலாம். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. அண்ணன் ஆறாவதோடு நிறுத்திவிட்டு டிங்கரிங் ஷெட்டுக்குப் போனான். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரி முடித்த முதல் ஆள் நான்தான். "எம் பொண்ணு அமெரிக்காக்காரன் பேசறத எழுதறா. அவனுங்க வேகமா பேசினாலும் விடமாட்டா" என்று அம்மா தண்ணீர்க் குழாயடியில் சொல்லிக்கொண்டிருப்பாள். கேட்காதது போல நான் வாசலைக் கடந்து போவேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு வந்த வேலைகளில் ஒன்று அமெரிக்காவின் ஒரு நகரத்திலிருந்து வந்தது. அங்கே போலீஸ் மீது பொதுமக்கள் கொடுக்கும் புகார்களை விசாரிக்க ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழு கூடும்போது பதிவான பேச்சு, அதிகாரிகள் நெஞ்சில் மாட்டியிருக்கும் கேமராவின் சத்தம், எல்லாம் எங்களிடம் வரும். படம் வராது, சத்தம் மட்டும். நான்கு வருடங்கள் அதைக் கேட்டிருக்கிறேன். புகார் கொடுத்தவர்களில் அதிகம் பேர் கறுப்பின மக்கள். காரை நிறுத்தினார்கள், கடைவாசலில் நிறுத்தினார்கள், சொந்த வீட்டின் படியில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி நிறுத்தினார்கள். பெயரும் தெருவும் மாறும், மற்றதெல்லாம் போன வாரம் எழுதியது போலவே இருக்கும். அதிகாரிகளின் பதில்கள் அதைவிட ஒரே மாதிரி இருக்கும். எனக்கு நினைவில்லை. என் உயிருக்கு ஆபத்து என்று உணர்ந்தேன். கேமரா தானாக நின்றுவிட்டது. அடிக்கடி வருகிற வாக்கியத்துக்கு ஒரு குறுக்குவழி வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் வழக்கம். மூன்று எழுத்தைத் தட்டினால் முழு வாக்கியமும் திரையில் வந்து விழும். "எனக்கு நினைவில்லை" என்பதற்கு ஒன்று வைத்திருந்தேன். குழுவின் முடிவான "போதிய ஆதாரம் இல்லை" என்பதற்கும் ஒன்று. அந்தக் குறுக்குவழிகளைச் செய்த அன்று என் வேகம் கூடிவிட்டது என்று மகிழ்ந்தேன். ஒரு நாட்டில் ஒரே வாக்கியத்தை இத்தனை பேர் இத்தனை வருடமாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறார்களே என்ற கோபம் பிறகுதான் வந்தது. அடிபட்டவர்களின் பேச்சுக்கு மட்டும் குறுக்குவழி எதுவும் வைக்க முடிந்ததில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் அதை வேறு வேறு மாதிரி சொன்னார்கள்.

எங்கள் வேலையில் இரண்டு முறை உண்டு. "ஃபுல்" என்றால் இருமல், இழுவை, திக்கல், காகிதம் புரளும் சத்தம் வரை எல்லாவற்றையும் எழுத வேண்டும். "க்ளீன்" என்றால் படிப்பவருக்குச் சுலபமாக இருக்கும்படி இழுவைகளையும், சொன்னதையே திருப்பிச் சொல்வதையும் எடுத்துவிட வேண்டும். எந்த முறை என்பதை வேலை கொடுப்பவர் எழுதி அனுப்புவார். அந்த நகரத்தின் கேமரா சத்தங்களுக்கு "க்ளீன்" என்றுதான் இருந்தது. கூடவே ஒரு குறிப்பும் இருந்தது: அதிகாரிகள் கொடுக்கும் உத்தரவுகளை மட்டும் ஒன்றுவிடாமல், நேரத்தோடு எழுத வேண்டும். அதைப் படித்தபோது அதில் எனக்கு எதுவும் உறுத்தவில்லை. உத்தரவு முக்கியமானது, அதனால் எழுதச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இரைச்சல் அதிகமான பதிவுக்கு எங்கள் தொழிலில் "டர்ட்டி ஆடியோ" என்று பெயர். எங்கள் தளத்தில் அந்தப் பெயர் மெல்ல இடம் மாறியது. இரைச்சலே இல்லாத பதிவாக இருந்தாலும், பேசுகிறவர் கறுப்பின மனிதர் என்று குரலில் தெரிந்தால், "ஐயோ, எனக்கு இன்னிக்கு டர்ட்டி ஆடியோடி" என்று பக்கத்து இருக்கைக்காரி சொல்வாள். நானும் சொல்லியிருக்கிறேன். இவர்களுக்கு இங்கிலீஷே ஒழுங்காக வரவில்லை என்றுகூட ஒருநாள் வண்டியில் சொல்லிச் சிரித்தேன். கல்லூரியில் என் இங்கிலீஷைக் கேட்டு முதல் பெஞ்சுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது அப்போது எனக்கு நினைவு வரவில்லை. கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பாஷை என்பதால், அதை அளக்கும் கோல் என் கையில் வந்துவிட்டது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அந்தப் பதிவு நாற்பது நிமிடம். ஒரு பேக்கரியில் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த இளைஞன். காரின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று நிறுத்துகிறார்கள். கையைக் காட்டச் சொல்கிறார் அதிகாரி. கை ஸ்டியரிங் மேல் இருக்கிறது என்கிறான் அவன். மறுபடி அதே உத்தரவு, மறுபடி அதே பதில். குரல் உயர்கிறது. கார்க் கதவு திறக்கும் சத்தம். அவனை வெளியே இழுக்கிறார்கள். அவன் தோள்பட்டை உடைந்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு அது எனக்கு ஒரு ஃபைல். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டேன். க்ளீன் முறைப்படி அவன் பதிலை முதல் தடவை மட்டும் வைத்துவிட்டு, மற்றதெல்லாம் சொன்னதையே சொல்வது என்று எடுத்துவிட்டேன். அதிகாரியின் உத்தரவுகளைக் குறிப்பில் இருந்தபடி ஒன்றுவிடாமல் எழுதினேன். ஆறு உத்தரவு, ஆறும் நேரத்தோடு. இடது பட்டையை ஒருமுறைகூட மிதிக்கவில்லை. சரிபார்த்தவர்கள் ஒரு பிழையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த மாதம் பிழையே இல்லாமல் எழுதியவள் என்று எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அம்மா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

ஐந்து மாதம் கழித்து அந்த அக்காவின் குரல் என்னிடம் வந்தது. புகார்க் குழுவின் விசாரணைப் பதிவு, ஃபுல் முறை. பத்து நிமிடம் எழுதிய பிறகுதான் இது அந்தப் பேக்கரி இளைஞனின் புகார் என்று பிடிபட்டது. புகார் கொடுத்திருந்தவர் அவனுடைய அக்கா. அவன் அன்று வரவில்லை. கூட்டமான இடங்களுக்கு அவன் இப்போது வருவதில்லை என்று அவர் சொன்னார். பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவர். நிதானமான, கொஞ்சம் கரகரத்த குரல். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். ஃபுல் முறை என்பதால் அந்த மூச்சையும் எழுதினேன். போலீஸ் தரப்பில் பேசியவர் தெளிவான உச்சரிப்புக்காரர், எங்களுக்குப் பிடித்த வகை. கேமராவை அதிகாரியின் கை மறைத்துவிட்டதால் படத்தில் ஒன்றும் தெரியவில்லை, சத்தத்தின் எழுத்துப் பிரதி மட்டும்தான் நம்மிடம் இருக்கிறது என்று அவர் தொடங்கினார். பிறகு வாசித்தார். பக்கம் மூன்று. கை ஸ்டியரிங் மேல் இருப்பதாக ஓட்டுநர் ஒரே ஒரு முறை சொல்கிறார். அதற்குப் பின் அதிகாரி ஐந்து முறை கையைக் காட்டச் சொல்கிறார். ஓட்டுநரிடமிருந்து ஒரு பதிலும் இல்லை.

பக்கம் மூன்று என்னுடையது. என் அரைப்புள்ளிகள், என் பத்திப் பிரிப்பு. அவர் வாசிக்க வாசிக்க என் விரல்கள் அதைத் திரும்பவும் தட்டிக்கொண்டே போயின.

அந்த அக்கா பேசியதை என்னால் எங்கள் தெருப் பேச்சில்தான் சொல்ல முடியும். அவர் குரல் எனக்குள் அப்படித்தான் இருக்கிறது. "அது இல்லங்க. எந்தம்பி ஒரு தடவ சொல்லல. அந்த டேப்ப நானும் கேட்டேன். வக்கீல் ஆபீஸ்ல உக்காந்து விரல விட்டு எண்ணினேன். பதினோரு தடவ சொன்னான். கடைசி ரெண்டு தடவ தரையில கெடந்துக்கிட்டு சொன்னான். இந்த பேப்பர்ல ஒண்ணுதான் இருக்கு. மீதி பத்து எங்க போச்சு?" குழுவின் தலைவர் ஏதோ சொல்ல வந்தார். அக்கா விடவில்லை. "டேப்பப் போடுங்க. இப்பவே போட்டுக் கேளுங்க." சத்தம் தெளிவாக இல்லாததால்தானே பிரதி எடுத்தோம், அதோடு நேரமும் இல்லை என்றார் தலைவர். "யாரு இத எழுதினது?" என்று அக்கா கேட்டார். வெளியே கொடுத்து எழுதி வாங்குகிறோம் என்றார் தலைவர். "அப்ப அவங்களக் கூப்பிடுங்க. காது கேக்காதான்னு நான் அவங்களக் கேக்கணும்." காகிதம் புரளும் சத்தம். ஃபுல் முறைப்படி அதையும் நான் எழுத வேண்டியிருந்தது. காகிதம் புரள்கிறது என்று எழுதினேன்.

பழைய சத்தம் சர்வரில் இன்னும் இருந்தது. அதைத் திறந்து இடது பட்டையை மிதித்து மிதித்துக் கேட்டேன். பதினொன்று. ஐந்தாவதில் "சார்" என்ற சொல் முன்னால் வந்துவிட்டது. ஒன்பதாவதில் கதவு திறந்தது. பத்தாவதும் பதினொன்றாவதும் தரையில் முகம் அழுந்தக் கிடக்கிறவனின் குரல். கை அப்போது ஸ்டியரிங் மேல் இல்லை, யாரோ முதுகுக்குப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்கள். அதனால் அவன், அங்கேதான் இருந்தது என்று சொன்னான். சொன்னதையே சொல்வது என்று நான் எடுத்துப் போட்டதில், அவன் ஒரு தடவைகூட அதே மாதிரி சொல்லவில்லை.

அன்று வண்டியில் வீடு திரும்பும்போது ஒரு போலீஸ் ஸ்டேஷனின் மர பெஞ்சு நினைவுக்கு வந்தது. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். வேலை முடித்து பஸ்ஸுக்கு நின்ற அண்ணனை, ஊரின் வேறொரு பக்கத்தில் திருடியவனின் அடையாளம் பொருந்துகிறது என்று பிடித்துப் போய்விட்டார்கள். கறுப்பு, ஒல்லி, கையெல்லாம் கிரீஸ். அடையாளம் அவ்வளவுதான். படிக்கத் தெரிந்தவள் என்பதால் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ரைட்டர் எதிரே நின்று, "காலையிலேருந்து ஷெட்லதான் சார் இருந்தான்" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ஷெட்லதான் இருந்தான், மொதலாளியக் கேளுங்க, ஷெட்லதான் சார், சாப்பாடுகூட ஷெட்டுக்குத்தான் குடுத்தனுப்பினேன். ரைட்டர் நிமிராமல், "ஹேளித்தன்னே ஹேளபேடம்மா, பர்கொண்டாய்த்து" என்றார். சொன்னதையே சொல்லாதே, எழுதியாகிவிட்டது. அம்மா என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னாள். "எல்லாத்தையும் எழுதினாரா பாரு பாப்பா." பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்திருந்தேன். ஒரே ஒரு வரி இருந்தது: வேலைக்குப் போயிருந்ததாகத் தாய் சொல்கிறாள். "எல்லாம் எழுதிட்டாரும்மா" என்றேன். ஸ்டேஷனில் எதிர்த்துப் பேசப் பயம். அதோடு, அந்த ஒரு வரி பார்க்க அழகாகவும் இருந்தது. ராத்திரி வெகுநேரம் கழித்து அண்ணனை விட்டார்கள். வலது கை வீங்கியிருந்தது. இன்றைக்கும் ஸ்பானரைப் பிடிக்கும்போது அவன் சுண்டுவிரல் மடங்காது. ஏன் அடித்தீர்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த ரைட்டரைப் போல ஒரு நாளும் ஆகக்கூடாது என்பதற்காகத்தான் நான் படித்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. உண்மையில் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் படித்தேன். அந்தப் பக்கம் போன பிறகு என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

விசாரணையின் பிரதியை மறுநாள் அனுப்ப வேண்டும். அனுப்பும் பக்கத்தில், வேலை கொடுத்தவருக்கு நாங்கள் ஏதாவது தெரிவிக்க விரும்பினால் எழுத ஒரு சின்னப் பெட்டி உண்டு. குரல் கேட்கவில்லை, பெயர் புரியவில்லை என்று அதில் எழுதுவோம். அன்று நான் எழுதினேன்: இந்த விசாரணையில் சொல்லப்படும் முந்தைய பிரதி க்ளீன் முறையில் எழுதப்பட்டது, மூலச் சத்தத்தில் அந்த வாக்கியம் பதினோரு முறை வருகிறது, தயவுசெய்து சத்தத்தைக் கேட்கவும். மூன்று வரி. இங்கிலீஷில் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பிறகு கர்சரை வரியின் கடைசியில் வைத்து அழிக்கத் தொடங்கினேன். சரிபார்க்கும் குழுவில் என்னைச் சேர்க்கச் சொல்லி என் பெயர் மேலே போயிருந்த வாரம் அது. பெட்டியில் எதையாவது எழுதினால் பழைய ஃபைலைத் திறப்பார்கள், திறந்தால் என் பெயருக்குக் கீழே ஒரு சிவப்புக் குறி விழும். வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நான் பிழையே இல்லாதவள். பெட்டியைக் காலியாக விட்டு அனுப்பினேன். அன்று மதியம் எல்லோருடனும் கேன்டீனில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரிக்கக்கூடச் செய்தேன்.

இரண்டு வாரத்தில் குழு முடிவைப் படித்த பதிவு வந்தது. நான்கே நிமிடம். ஓட்டுநர் ஒரு முறை மட்டுமே பதில் அளித்ததாகப் பிரதி காட்டுகிறது. அதிகாரி விதிமுறைப்படியே நடந்துகொண்டார். போதிய ஆதாரம் இல்லை. கடைசி வாக்கியத்துக்கு மூன்று எழுத்தைத் தட்டினேன், முழுதாக வந்து விழுந்தது. பதிவின் கோடியில் ஒரு நாற்காலி தள்ளப்படும் சத்தமும் ஒரு பெண்ணின் மூச்சும் கேட்டன. அந்த மூச்சை எனக்கு அடையாளம் தெரிந்தது.

எங்கள் டீம் லீடர் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர். அவருடைய தாத்தாவும் அப்பாவும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். எல்லோரையும் சிரிக்க வைப்பார். அன்று என் இருக்கைக்கு வந்து நின்றார். "இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்டி தொங்கிக்கினு கீது? சான்றிதழ யார்னா திருப்பிக் கேட்டாங்களா?" நான் எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டியை அழித்ததையும். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஹெட்போனை வாங்கிப் பழைய சத்தத்தை முழுதும் கேட்டார். கழற்றி மேசையில் வைத்தார். "க்ளீன்னு சொன்னாங்கோ, க்ளீனா குடுத்தே. உம் மேல தப்பு இல்லம்மா." பிறகு, "பதினோரு தடவையும் எழுதியிருந்தா மட்டும் இன்னா ஆயிருக்கும்? படம் தெளிவா கீற கேஸ்லயே அவனுங்க ஒருத்தனையும் புடிக்கல. நாலு வருசமா நீயே எழுதிக்கினு கீறியே, தெரியாதா உனக்கு?"

தெரியும். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. நான்கு வருடமாக அந்த நாட்டின் மேல் எனக்கிருந்த கோபம் முழுவதையும் அவர் என்னிடம் ஆறுதலாகத் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். பதினொன்றையும் எழுதியிருந்தாலும் குழு அதே முடிவைப் படித்திருக்கலாம். ஆனால் அந்தப் பதினோரு வரியும் கண் முன்னால் இருக்கும்போது படிக்க வேண்டி வந்திருக்கும். ஓட்டுநரிடமிருந்து பதில் இல்லை என்று அந்தத் தெளிவான உச்சரிப்புக்காரர் சொல்லியிருக்க முடியாது. அவர்கள் பொய் சொல்ல வேண்டிய சிரமத்தை நான் மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டேன். "அவங்களுக்கு ஒரு மெயிலாவது போடுங்கண்ணா" என்றேன். "சிவப்புக் குறி உழுந்தா?" என்றார். "உழட்டும்ணா."

போட்டார், அன்றைக்கே, என் எதிரிலேயே உட்கார்ந்து எழுதி. மூன்றாம் நாள் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி. அந்தப் புகார் முடிக்கப்பட்டுவிட்டது. சம்பந்தப்பட்ட பிரதி எங்கள் விதிமுறைப்படியே தயாரிக்கப்பட்டிருந்தது. எழுதியவர் மீது குறை எதுவும் இல்லை. டீம் லீடர் அதைத் தணிந்த குரலில் படித்தார். படித்து முடித்துவிட்டு எழுந்து போய் டீ வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். சிவப்புக் குறி விழவில்லை. சரிபார்க்கும் குழுவில் இடமும் கிடைத்தது. அந்த அதிகாரிக்கு எந்த வாக்கியம் கிடைத்ததோ அதே வாக்கியம் எனக்கும் கிடைத்தது. விதிமுறைப்படி. அவரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அவரை நினைத்துப் பல்லைக் கடித்தவள் நான். அவர் எப்படித் தூங்குகிறார் என்று கேட்டவள். எப்படித் தூங்குவது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. முதல் வாரம்தான் கஷ்டம்.

அந்த அக்காவின் குரல் அதற்குப் பிறகு எந்தப் பதிவிலும் வரவில்லை. கறுப்பினப் பெண்ணின் கரகரத்த குரல் எது வந்தாலும் அவரோ என்று கொஞ்ச காலம் காதைக் கொடுத்துக் காத்திருந்தேன். தம்பியின் தோள் சரியானதா, அவன் திரும்ப ரொட்டி சுடப் போகிறானா, தெரியாது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் சான்றிதழைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு எண்ணி வச்சிருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "நான் எண்ணல பாப்பா" என்றாள். சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். அன்று ஸ்டேஷனில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தது என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது ஆபீஸில் நாங்கள் கேட்டு எழுதுவதில்லை. மெஷினே கேட்டு எழுதிவிடுகிறது. அது எழுதியதைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. மிதிக்கு அங்கே அவசியம் இல்லை. மெஷின் நன்றாகப் பழக்கப்பட்டது. திக்கலையும், சொன்னதையே சொல்வதையும் யாரும் கேட்காமலே எடுத்துவிடுகிறது. எங்களைப் போன்றவர்கள் வருடக்கணக்கில் எழுதிக் கொடுத்த பிரதிகளை வைத்துத்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்தார்களாம். ஒவ்வொரு ஃபைலிலும் நான் அப்படி எடுத்துவிடும் அமைப்பை அணைத்துவிட்டு முதலிலிருந்து கேட்கிறேன். வேகம் குறைந்துவிட்டது என்று இரண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். "டர்ட்டி ஆடியோ" என்று புதிதாக வந்த பெண்கள் சொல்லும்போது, இரைச்சல் எங்கே இருக்கிறது, எனக்குக் கேட்கவில்லையே என்று கேட்கிறேன். இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிறார்கள். இதையெல்லாம் பரிகாரம் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஒரு பிரதியின் பக்கம் மூன்று அந்த நகரத்தில் ஏதோ ஒரு அலமாரியில் நான் எழுதியபடியேதான் இருக்கிறது.

இதை எழுதும்போது கால் தானாக மேசைக்கு அடியில் துழாவுகிறது. மிதியின் வயர் எதிலும் செருகப்படவில்லை, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அவர்களைக் கூப்பிடுங்கள் என்றார் அந்த அக்கா. யாரும் கூப்பிடவில்லை. எழுதினவள் நான்தான் அக்கா, காது நன்றாகத்தான் கேட்டது. தேயாத அந்த இடது பட்டையை மிதிக்கிறேன்.

கை ஸ்டியரிங் மேல இருக்கு சார்.

கை ஸ்டியரிங் மேலதான் சார் இருக்கு.

ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல இருக்கு சார்.

இருக்கு சார், ஸ்டியரிங் மேலதான்.

சார், கை ஸ்டியரிங் மேல இருக்கு.

சார் பாருங்க சார், ஸ்டியரிங் மேல கை.

சார், எடுக்கல சார், ஸ்டியரிங் மேலயேதான் இருக்கு.

சார் ப்ளீஸ், கை ஸ்டியரிங் மேல.

ஸ்டியரிங் மேல, சார், ஸ்டியரிங்

மேலதான் சார் இருந்துச்சு கை.

ஸ்டியரிங் மேலதான் இருந்துச்சு சார்.